பழைய பெட்ரோமாக்ஸ் டேங்கில் ஓட்டை போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரணில் கிடக்கும் பழைய பெட்ரோமாக்ஸ் விளக்கை வரவேற்பறை அலங்காரமாக மாற்றுவது எப்படி என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகாக இருந்தன. பழைய பொருளைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னதும் நல்ல விஷயம்தான். ஆனால் அதில் இரண்டு வரிகளைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒன்று, வயர் நுழைக்க டேங்கின் அடியில் துளை போடச் சொன்னது. இன்னொன்று கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொன்னது: விளக்காகவே எரிக்க ஆசைப்படுகிறவர்கள், மண்ணெண்ணெயில் சரியாகப் பற்றவில்லை என்றால் கொஞ்சம் பெட்ரோல் கலந்து பார்க்கலாமாம். முதலாவது விளக்கை நாசமாக்கும், இரண்டாவது ஆளையே கொல்லும். பெட்ரோமாக்ஸ் போல பம்ப் அடித்து எரிக்கும் பழைய அழுத்த விளக்குகளைத் தேடிச் சேர்த்து, பிரித்து, பழுது பார்த்து எரிய வைப்பதில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலில் இருந்து ஆரம்பிக்கிறேன். மண்ணெண்ணெய் அழுத்த விளக்கில் பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கூடாது. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் அதன் மேற்பரப்பில் தீப்பற்றும் அளவுக்கு ஆவி சேரும். பெட்ரோலுக்கு அந்த அளவு மைனஸ் 40-க்குப் பக்கத்தில், அதாவது எந்தக் குளிரிலும் அது பற்றத் தயாராகவே இருக்கும். கொஞ்சம்தானே கலக்கிறோம் என்று நினைக்கலாம், ஆனால் அந்தக் கொஞ்சம் போதும், மொத்தக் கலவையும் சீக்கிரம் பற்றக்கூடியதாகிவிடும். இப்போது விளக்கை எப்படி அணைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பெட்ரோமாக்ஸ் வகை விளக்கில் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் தளர்த்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே விட வேண்டும். அதுதான் அணைக்கும் முறையே. உள்ளே மண்ணெண்ணெய் என்றால் வெளியே வருவது பெரும்பாலும் காற்று. உள்ளே பெட்ரோல் என்றால் சீறிக்கொண்டு வருவது எரியக்கூடிய ஆவி, அதுவும் ஒரு சாண் தூரத்தில் பர்னர் கொதித்துக்கொண்டிருக்கும்போது, நம் கை அந்தத் திருகின் மேல் இருக்கும்போது.

அணைக்கும்போது மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. ஏற்றும்போது பர்னரைச் சூடாக்க, டேங்குக்கு நேர் மேலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட் (எரிசாராயம்) ஊற்றி நிஜமான தீயை வைக்கிறோம். எங்காவது ஒரு வாஷர் கசிந்தால், மண்ணெண்ணெய் இடத்தை நனைத்துவிட்டு நாற்றமடிக்கும், நமக்குத் தெரிந்துவிடும். பெட்ரோல் கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகிப் பரவும், தீயைத் தேடிப் போகும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. பெட்ரோலில் எரியும் அழுத்த விளக்குகளும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரத்தில் இருந்து கோல்மேன் கம்பெனி 1914-ல் கொண்டுவந்த லாந்தர் பெட்ரோல் ரகம்தான். 1951-ல் இருந்து 1983 வரை அவர்கள் செய்த சிவப்பு நிற 200ஏ மாடலும் அப்படித்தான், சேகரிப்பவர்கள் பலரிடம் அது இருக்கும். ஆனால் அவற்றை அதற்கென்றே வேறு விதமாகக் கட்டியிருக்கிறார்கள். அவற்றில் எரிபொருளை நிறுத்த வால்வு இருக்கிறது, எரிகிறபோது டேங்கின் காற்றைத் திறந்துவிடும் வேலையே இல்லை. அதே கம்பெனியின் 237 மாடல் மண்ணெண்ணெய் விளக்கு, அதில் ஸ்பிரிட் கிண்ணம் உண்டு. கையில் இருப்பது எந்த ரகம் என்று தெரியாமல் எதையும் ஊற்றக் கூடாது. பர்னருக்கு அடியில் ஸ்பிரிட் கிண்ணமோ, ஸ்பிரிட்டில் நனைத்துக் குழாயில் கவ்வ வைக்கும் டார்ச்சோ இருந்தால் அது மண்ணெண்ணெய் விளக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் விவரம் தெரிந்தவரிடம் கேட்கும்வரை எரிக்காமல் வைத்திருப்பதே நல்லது.

இந்த ஒரு விஷயத்தையாவது தயவுசெய்து உடனடியாகத் திருத்திப் போடுங்கள். கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில். மற்றதெல்லாம் ரசனை சம்பந்தப்பட்டது என்று நீங்கள் சொல்லலாம், இது அப்படி இல்லை.

சரி, மண்ணெண்ணெயில் ஏன் பற்ற மாட்டேன் என்கிறது? காரணம் பெரும்பாலும் விளக்கில்தான் இருக்கும், எண்ணெயில் இருப்பது அபூர்வம். இந்த விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று ஒரு முறை புரிந்துகொண்டால் காரணத்தைத் தேடுவது சுலபம். பம்ப் அடித்தால் டேங்கில் எண்ணெய்க்கு மேலே காற்று அழுத்தம் ஏறுகிறது. பெட்ரோமாக்ஸின் மீட்டரில் சிவப்புக் கோடு இருப்பது 2 பார் அளவில். அந்த அழுத்தம் மண்ணெண்ணெயை ஒரு ஒல்லியான குழாய் வழியாக மேலே தள்ளுகிறது. அந்தக் குழாய் தீக்குப் பக்கத்திலேயே போவதால் எண்ணெய் கொதித்து ஆவியாகி, நிப்பிள் என்ற சின்ன முனையின் மயிரிழைத் துளை வழியாகச் சீறி வெளியே வருகிறது. அந்த வேகம் சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொள்ள, இரண்டும் கலந்து கீழே இறங்கி மேண்டில் என்ற வலைக்கூட்டுக்குள் நீல நிறத்தில் எரிகின்றன. நமக்கு வெளிச்சம் தருவது அந்தத் தீ இல்லை, அந்தத் தீயில் வெளுக்கக் காய்ந்து ஒளிரும் மேண்டில்தான். ஒரு முறை எரிய ஆரம்பித்துவிட்டால் தன் சூட்டிலேயே அடுத்த எண்ணெயை ஆவியாக்கிக்கொள்ளும். முதல் சூட்டை மட்டும் நாம் ஸ்பிரிட்டில் கொடுக்கிறோம். இவ்வளவுதான் சங்கதி. மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, ஒரு லிட்டர் எண்ணெயில் எட்டு மணி நேரம் எரிகிற இப்படி ஒரு பொருளை யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பிரமிப்பாக இருக்கிறது.

ஆகவே பற்றவில்லை என்றால், ஒன்று அழுத்தம் நிற்கவில்லை, அல்லது குழாயில் கரி அடைத்திருக்கிறது, அல்லது நிப்பிள் அடைத்திருக்கிறது, அல்லது சூடு போதவில்லை. பெரும்பாலும் கடைசிக் காரணம்தான். ஸ்பிரிட் முழுவதும் எரிந்து முடிகிற தறுவாயில்தான் எண்ணெயைத் திறக்க வேண்டும். பொறுமை இல்லாமல் முன்பே திறந்தால் ஆவிக்குப் பதில் திரவமாகவே எண்ணெய் பீய்ச்சி, மஞ்சள் தீ குபுகுபுவென்று கண்ணாடிக்கு மேலே எழும்பும். பார்க்கிறவர்கள் பயந்துபோவது அதைத்தான். அந்த நேரத்தில் காற்றுத் திருகைத் திறந்து அழுத்தத்தை விட்டுவிட்டால் தீ அடங்கிவிடும், ஆறிய பிறகு மறுபடியும் ஸ்பிரிட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். அதனால்தான் எந்தப் பழைய விளக்கையும் முதல் தடவை வெட்டவெளியில் வைத்து ஏற்றச் சொல்கிறேன். அப்புறம் நன்றாக எரிந்தாலும் மூடிய அறைக்குள் வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பழுது பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை பம்பின் தோல் வாஷர். பல காலம் கிடந்த விளக்கில் பம்பை இழுத்து அடித்தால் கைக்கு ஒன்றுமே தட்டுப்படாது, காற்று அப்படியே பக்கவாட்டில் நழுவிப் போகும். உடனே பம்ப் போச்சு என்று முடிவு கட்டிவிடுவார்கள். தண்டைக் கழற்றிப் பார்த்தால் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் போல தோல் இருக்கும், காய்ந்து, ஓரம் சுருங்கி, கறுத்துப்போய். அதை எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு, காலையில் எடுத்து விரல் நுனியால் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கமாக மெல்ல விரித்துவிட்டு, கிண்ணத்தின் வாய் டேங்கைப் பார்க்கிற மாதிரி மாட்ட வேண்டும். மடங்காமல் குழலுக்குள் நுழைப்பதுதான் கொஞ்சம் நிதானம் கேட்கும். அப்புறம் அடித்தால் நாலைந்து தள்ளலிலேயே கை எதிர்ப்பை உணரும், மீட்டர் முள் அசையும். கிழியாத தோல் என்றால் புது வாஷரே தேவைப்படாது.

பம்ப் குழலின் அடியில் ஒரு குட்டி வால்வு இருக்கிறது, காற்றை உள்ளே விடும், வெளியே விடாது. அதற்குள் மிளகு அளவுக்கு ஒரு ரப்பர்த் துண்டு. அது இறுகிப்போனாலோ குழி விழுந்தாலோ டேங்கின் அழுத்தம் பின்பக்கமாக வந்துவிடும், பம்பின் கைப்பிடி தானாகவே மெல்ல மேலே எழும்பி வரும். அப்படி எழும்பினால் அந்த விளக்கை எரிக்கவே கூடாது, அடுத்து அந்த வழியில் எண்ணெயும் வரும். ரப்பரை மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை, எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பரில் வெட்டிப் போட்டால் போதும். வால்வைக் கழற்றுவதுதான் பாடு. அதற்கென்று சரியான ஸ்பேனர் இல்லாமல் இடுக்கியைப் போட்டுத் திருகி, பித்தளை மரையைப் பாழாக்கிய விளக்குகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. பித்தளை மென்மையான உலோகம். வரவில்லை என்றால் ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் காத்திருங்கள், மறுநாளும் வரவில்லை என்றால் இன்னொரு நாள்.

ஆவியாகும் குழாயில் அடைத்த கரியை எடுக்க, குழாயைத் தனியாகக் கழற்றி, டேங்கில் இருந்து நன்றாகத் தள்ளி வைத்து தீயைப் பீய்ச்சும் ப்ளோ டார்ச்சால் காய்ச்சினால் கரி எரிந்து பொடியாகும், ஆறிய பிறகு தட்டினால் கொட்டிவிடும். நிப்பிள் விஷயத்தில் மட்டும் முரட்டு வைத்தியம் வேண்டாம். பெட்ரோமாக்ஸில் பக்கவாட்டுச் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே ஒரு ஊசி மேலேறி அந்தத் துளையைச் சுத்தம் செய்துவிடும், அடியில் எண்ணெய் வழியையும் மூடிவிடும், ஒரே திருப்பில் இரண்டு வேலை. அந்த ஊசி ஒடிந்துவிட்டது என்று கையில் கிடைத்த கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும். பெரிதானால் எண்ணெய் அதிகமாகும், காற்று போதாது, மஞ்சள் தீயும் புகையும்தான் வரும், மேண்டிலில் கரி பூக்கும். அப்புறம் வேறு நிப்பிள் தேடி அலைவதைத் தவிர வழியில்லை.

எல்லாம் மாட்டிய பிறகு எண்ணெய் ஊற்றாமல் பம்ப் அடித்து, டேங்கைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே கசிவு. குமிழி வராமல், மறுநாளும் மீட்டர் முள் இறங்காமல் நின்றால் அந்த டேங்கை நம்பலாம். எண்ணெயும் கழுத்துவரை வேண்டாம், முக்கால் பங்கு போதும், மீதி இடம் காற்றுக்கு.

இப்போது ஓட்டை விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரை எழுதியவர் டேங்கை வெறும் தகர டப்பா என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அது அழுத்தம் தாங்குவதற்கென்றே பித்தளைத் தகட்டை அழுத்தி வடித்துச் செய்த கலம். அதில் துளை விழுந்தால் அந்த விளக்கின் கதை முடிந்தது. பின்னால் யாராவது ஈயப் பற்று வைத்து அடைக்கலாமே என்று கேட்பீர்கள். பிரித்துப் பார்க்கிற எங்களுக்கு அப்படி அடைத்த டேங்கின் மேல் நம்பிக்கை வராது, மேலே தீ எரிய, உள்ளே அழுத்தத்தோடு எண்ணெய் இருக்கும்போது ஒட்டுப்போட்ட இடத்தை நம்பி யார் பக்கத்தில் உட்கார்வது? எண்ணெய் இருந்த டேங்கின் மேல் தீயைக் காட்டி ஈயப் பற்று வைப்பதே தனி ஆபத்து, காலி டேங்கில் மிஞ்சிய ஆவி வெடிக்கும்.

இன்னொன்று, விளக்கின் வயதையும் பிறப்பையும் சொல்லும் முத்திரைகள் பலவும் டேங்கில்தான் இருக்கின்றன. கோல்மேன் விளக்குகளில் செய்த மாதமும் வருடமும் டேங்கின் அடியில்தான் குத்தியிருப்பார்கள், கட்டுரையில் துளை போடச் சொன்ன அதே இடத்தில். ஜெர்மன் விளக்கில் டி.ஆர்.பி., டி.ஆர்.ஜி.எம். என்ற எழுத்துகள் இருந்தால் அவை பழைய ஜெர்மன் ராஜ்யத்தின் காப்புரிமைக் குறிகள், இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முந்தைய வடிவமைப்பு என்று தெரிந்துகொள்ளலாம். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் போருக்குப் பிந்தையது. இதையெல்லாம் ஒரு டிரில் பிட் அரை நிமிடத்தில் எடுத்துவிடும்.

பின்னால் இருக்கும் சரித்திரமும் சின்னது இல்லை. 1866-ல் பெர்லினில் விளக்குத் தொழிலாகத் தொடங்கிய எர்ரிச் அண்டு கிரெட்ஸ் கம்பெனியில், மாக்ஸ் கிரெட்ஸ் தலைமையில் 1910 வாக்கில் வந்தது பெட்ரோமாக்ஸ். 827 என்றால் 250 கேண்டில்பவர் (மெழுகுவத்தி வெளிச்சக் கணக்கு), 828 என்றால் 350, 829 என்றால் 500 என்று மாடல் மாடலாக உலகம் முழுக்கப் போனது, உலகம் முழுக்க நகலும் எடுத்தார்கள். இந்த எண்களைப் பார்த்து வாங்குவது முக்கியம், 350-க்கான நிப்பிளும் மேண்டிலும் 500-க்குப் பொருந்தாது. 500 என்பது கொஞ்சம் தாராளமாகச் சொன்ன கணக்கு என்பது என் எண்ணம், ஆனாலும் பத்துப் பன்னிரண்டு கேண்டில்பவர் தருகிற அரிக்கேன் விளக்குக்குப் பக்கத்தில் இதை ஏற்றி வைத்தால் வித்தியாசத்துக்குக் கணக்கே தேவைப்படாது. இங்கிலாந்தின் டில்லி (Tilley) கம்பெனி விளக்கு வேறு வழியில் போனது, அதில் ஆவிக்குழாய் மேண்டிலின் நட்ட நடுவே நேராக ஏறிப் போகும், அதனால் மேண்டிலுக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்கும். ஹாலிஃபாக்ஸ் நகரத்து வில்லிஸ் அண்டு பேட்ஸ் செய்த வேப்பாலக்ஸ் பிரிட்டிஷ் ராணுவத்தில் வெகுகாலம் ஓடியது. ஸ்வீடனில் பிரைமஸ், ரேடியஸ், ஆப்டிமஸ். ஒரே தத்துவத்தை ஒவ்வொருவரும் எப்படிச் செய்து காட்டினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்துப் பார்க்கிறபோது நேரம் போவதே தெரியாது.

கப்பல்களுக்கு வழிகாட்டிய கலங்கரை விளக்கங்களிலும் இதே தத்துவம்தான் இருந்தது. அழுத்தத்தில் மண்ணெண்ணெயை ஆவியாக்கி மேண்டிலில் எரிக்கும் பர்னரை ஆர்தர் கிட்சன் 1901-ல் கண்டுபிடித்தார், இங்கிலாந்தில் கலங்கரை விளக்கங்களை நிர்வகிக்கும் டிரினிட்டி ஹவுஸைச் சேர்ந்த டேவிட் ஹூட் 1921-ல் அதை மேம்படுத்தினார். அந்த பர்னரின் தம்பிதான் நம் பரணில் கிடப்பது.

மேண்டிலைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை, எனக்கு அது பெரிய குறையாகப்பட்டது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-ல் முதல் காப்புரிமை வாங்கினார், 1891 வாக்கில் சரியான கலவையைப் பிடித்தார்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. சுத்தத் தோரியம் மட்டும் என்றால் வெளிச்சம் மங்கல், சீரியம் ஒரு பங்கைத் தாண்டி ஏறினாலும் மங்கல், அந்த ஒரு பங்கில்தான் வெள்ளை வெளேரென்று பிரகாசிக்கிறது. அந்த உலோகங்களின் உப்புக் கரைசலில் ஊறிய துணியைக் கட்டிப் பற்ற வைத்தால் துணி எரிந்துபோய், சுருங்கி, ஆக்சைடு கூடு மட்டும் மிஞ்சும். அப்புறம் விரல் பட்டாலே உதிரும். அந்தத் தோரியத்துக்காகத்தான் உலகமே மோனசைட் மணலைத் தேடியது. நம் கடற்கரையில் இருந்து தென்னை நார்க் கயிறோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போன மணலில் மோனசைட் இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ல் கண்டுபிடித்து, மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலையைத் தொடங்கியது இந்த விளக்கு வலைக்காகத்தான்.

தோரியம் கதிரியக்கம் உள்ளது. பயந்து ஓட வேண்டியதில்லை, அதில் இருந்து வரும் ஆல்ஃபா கதிரை நம் தோலே தடுத்துவிடும், ஆனால் பொடியை மூச்சோடு உள்ளே இழுத்துவிடக் கூடாது. பழைய விளக்கைத் திறந்ததும் அடியில் வெள்ளைப் பொடி கிடந்தால் எல்லோரும் செய்கிற முதல் காரியம் ஃபூ என்று ஊதுவது. ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, பையில் போட்டுக் கட்டி, கையைக் கழுவுங்கள். இன்று கிடைக்கும் மேண்டில்கள் பலவற்றில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம் போடுகிறார்கள், கேட்டு வாங்கலாம். பழைய டில்லி விளக்குகளின் ஸ்பிரிட் டார்ச்சுகளிலும் சில பழைய வாஷர்களிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், நார்நாராக உதிர்வதைக் கண்டால் அதையும் நனைத்துத்தான் எடுக்க வேண்டும், தேய்க்கவே கூடாது.

பளபளவென்று தேய்க்கச் சொன்னதையும் விடமுடியவில்லை. பல விளக்குகள் நிக்கல் முலாம் பூசி வெளியே வந்தவை. அவற்றை பஃப் போட்டுத் தேய்த்துப் பித்தளை மஞ்சளைக் கொண்டுவருவது பழுது பார்த்தல் இல்லை, முலாமைச் சுரண்டி எறிவது. அதைவிட முக்கியம், பித்தளை பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. அழுத்தி வடித்த பித்தளைக்கும் அம்மோனியாவுக்கும் ஆகாது. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. ஏன் என்று வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. லாயத்தில் சிறுநீரில் இருந்து கிளம்பும் அம்மோனியாதான் காரணம், வடிக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையோடு அது சேர்ந்து விரிசல் விடவைக்கிறது என்று 1921-ல்தான் விளக்கம் வந்தது. நம் டேங்கும் அப்படி வடித்த பித்தளைதான். அடிவிளிம்பில் மயிரிழை விரிசல் விட்ட டேங்குகளைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தத் தோட்டாக்கள் ஞாபகம் வரும். அம்மோனியா இல்லாத பாலிஷாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும் போதுமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சைக் களிம்பை எடுக்கத்தான் வேண்டும், காலத்தில் படிந்த பழுப்பு நிறம் இருக்கட்டுமே, அது அந்த விளக்குக்கு அழகு.

கண்ணாடியையும் கவனியுங்கள். பழைய ஜெர்மன் கண்ணாடிகளில் ஜேனா என்ற ஊர்ப் பெயர் பொறித்திருக்கும், ஷாட் தொழிற்சாலையின் வெப்பம் தாங்கும் கண்ணாடி அது. சிலவற்றில் கண்ணாடிக்குப் பதில் மைக்காத் தகடுகள் இருக்கும், மங்கலாகத்தான் தெரியும், ஆனால் கீழே விழுந்தால் உடையாது. இரண்டும் சுலபத்தில் திரும்பக் கிடைக்காது. விளக்கை எடுத்து வரும்போது கண்ணாடியைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள்.

மின்சார வெளிச்சம்தான் வேண்டும், எரிக்கிற உத்தேசமே இல்லை என்பவர்களை நான் குறை சொல்லவில்லை. எல்லோரும் ஸ்பிரிட்டும் ஊசியுமாக உட்கார முடியாது. ஆனால் அதற்கு ஓட்டை தேவையே இல்லை. மேண்டில் கட்டும் பீங்கான் மூக்கைத் தொடாமல், பேட்டரியில் எரியும் சின்ன எல்இடி பல்பைக் கண்ணாடிக்குள்ளேயே ஒரு மெல்லிய கம்பியால் கட்டித் தொங்கவிடலாம். வயர்தான் வேண்டும் என்றால் மேல் மூடியின் காற்றுத் துளைகள் வழியாக விட்டு, சட்டத்தின் பின்பக்கமாக ஒட்டிக் கீழே இறக்கலாம், எதிரே நின்று பார்த்தால் தெரியாது. டேங்கில் இருக்கும் பழைய எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, மூடியைத் திறந்து வைத்து நன்றாக உலரவிட்டு, அப்புறம் மூடுங்கள். கழற்றிய நிப்பிள், ஊசி, வாஷர் எதையும் குப்பையில் போடாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு விளக்கின் அடியிலேயே கட்டி வையுங்கள். நாளை உங்கள் வீட்டில் யாராவது இதை ஏற்றிப் பார்க்க ஆசைப்பட்டால், பல்பை அவிழ்த்துவிட்டு அந்த டப்பாவைத் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
அழுத்த விளக்குகளைப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்